மூட்டுக் கட்டியும் எதிரொலிக் கருவியும்

மாமல்லபுரத்துச் சிற்பியிடம் ஒரு கருங்கல்லைக் காட்டினால், அவர் முதலில் செய்கின்ற காரியம் அதைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதேயாகும். கணீர் என்று ஒலித்தால் அது வேலைக்காகும் கல். சத்தம் மங்கினால் உள்ளே எங்கேயோ கீறல் ஓடுகின்றது என்று தெரிந்து ஒதுக்கி விடுவார். ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று சிற்ப நூல்காரர்கள் ஒலியைக் கொண்டே பெயர் வைத்திருக்கின்றார்கள். கல்லுக்குக்கூட ஆண் பெண் பார்த்த புத்தியை நாம் மெச்சவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை ஒலியால் கண்டுபிடிக்கலாம் என்கின்ற அறிவு மெச்சத் தகுந்ததேயாகும். சாமியாகப் போகின்ற கல்லைக்கூட ஒருவரும் நம்பிக்கையின் பேரில் வாங்குவதில்லை, சோதித்துத்தான் வாங்குகின்றார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலும், அதைச் சுற்றியுள்ள கடற்கரைக் குப்பங்களிலும், திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு பிள்ளைக்கு முழங்காலுக்கு அருகில் வீக்கம் கண்டால் நடப்பதென்ன? "எங்கேயாவது விழுந்திருப்பான்" என்பது முதல் தீர்ப்பு. விளக்கெண்ணெய் போட்டு உருவுவது முதல் சிகிச்சை. அதற்குப் பிறகு பச்சிலைப் பற்று. அதற்கும் அடங்காவிட்டால் திருஷ்டி என்றும், காற்றுச் சேஷ்டை என்றும் சொல்லி வேப்பிலையும் தாயத்தும் வருகின்றன. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கின்றார்கள். வெள்ளித் தகட்டில் கால் உருவம் செய்து உண்டியலில் போடுகின்றார்கள். வெள்ளிக்கால் உண்டியலுக்குள் பத்திரமாக இருக்கின்றது. பிள்ளையின் கால்தான் வீங்கிக் கொண்டே போகின்றது. மூன்று மாதமோ நான்கு மாதமோ கழித்து, இனி நடக்க முடியாது என்ற பிறகே ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகின்றது.

கை கால் முறிந்தால் கட்டுப் போடுகின்ற நாட்டு வைத்தியர்கள் எல்லாரையும் நாம் பித்தலாட்டக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. புத்தூர்க் கட்டு என்ற பெயர்ப் பலகை இல்லாத ஊர் நம் பக்கத்தில் குறைவு. முறிந்த எலும்பு அசையாமல் இருந்தால் தானே கூடும் என்பது உடலின் இயல்பு. அனுபவமுள்ள கை அதைச் சரியாக வைத்துக் கட்டினால் சில முறிவுகள் நன்றாகவே கூடுகின்றன. நாம் சொல்லுவதெல்லாம் கட்டி என்பது முறிவல்ல என்பதுதான். கட்டி வளர்ந்த எலும்பு உள்ளுக்குள் அரித்து மெலிந்திருக்கும். அதை இரண்டு கையாலும் அழுத்தி உருவினால் முறிந்து போகக்கூடும். அது புற்றாக இருந்துவிட்டாலோ, உருவுவது அதைப் பரப்புவதற்கு உதவி செய்யலாம் என்று இதை ஆராய்ந்த வைத்தியர்கள் எச்சரிக்கின்றார்கள்.

இங்கே ஒரு சங்கதியை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூட்டைச் சுற்றி எலும்பில் வருகின்ற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்லாத கட்டிகளேயாகும். அவற்றுள் பல ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடத் தக்கவை. ஆனால் எலும்புப் புற்றுக்களிலே கொடியதான ஆஸ்டியோசார்கோமா என்பதும் 10 வயதுக்கு மேல் 20 வயதுக்குள்தான் அதிகமாக வருகின்றது. அதுவும் முழங்காலைச் சுற்றியே அதிகமாக வருகின்றது. அதே வயது, அதே இடம். வெளியிலிருந்து தடவிப் பார்த்து இது சாது, இது துஷ்டன் என்று சொல்லக் கூடியவர் எவரும் இல்லை, பெரிய வைத்தியரே ஆனாலும் சரி. ஆகவேதான் பார்க்க வேண்டியிருக்கின்றது.

நிற்க, பார்ப்பதற்கு இன்று என்னென்ன வழி இருக்கின்றது?

1895-ல் ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியர் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்துத் தம் மனைவியின் கையெலும்பைப் படம் பிடித்துக் காட்டினார். எலும்புக் கட்டிக்கு இன்றைக்கும் முதல் படி அந்த எக்ஸ்ரேதான். இதை நமது வாசகர்கள் முதலில் மனத்தில் வாங்கிக் கொள்ள வேண்டுகின்றோம். ஏனெனில் நாம் இனிச் சொல்லப்போவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைப் பற்றி. எக்ஸ்ரே வேண்டாம், ஸ்கேன் போதும் என்று நாம் சொன்னதாக ஒருவரும் எடுத்துக் கொள்ளக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் என்பது மனிதர் காதுக்கு எட்டாத ஒலி. நமது காது வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்காது. மூட்டைப் பார்க்கின்ற கருவியோ சுமார் 70 லட்சம் முதல் 150 லட்சம் வரை அதிர்கின்றது. அந்த ஒலியை உடலுக்குள் அனுப்பி, தசை, நீர், குருத்தெலும்பு, எலும்பு என்று ஒவ்வொன்றின் எல்லையிலும் பட்டுத் திரும்புகின்ற எதிரொலியை வாங்கிப் படமாக்குகின்றார்கள். அவ்வளவுதான் இதில் உள்ள மாயம். கடலுக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பதற்கும் இதே வித்தைதான். முதல் மகாயுத்தத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதற்காகப் பிரான்சு தேசத்து லாங்ஜவன் இதற்கு வழி செய்தார். இன்றைக்கு மீன் கூட்டத்தைத் தேட எக்கோ சவுண்டர் வைத்திருக்கின்ற படகுக்காரருக்கு நாம் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1971-ல் தொடங்கிய அணு ஆராய்ச்சி நிலையத்திலும், உலோகப் பற்றவைப்பில் வெடிப்பு இருக்கின்றதா என்று இந்த ஒலியைக் கொண்டுதான் பார்க்கின்றார்கள்.

உடம்புக்கு இது வந்த கதை இன்னும் ருசியானது. கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியப் பேராசிரியர் இயான் டொனால்ட் என்பவர் 1955-ல், அறுத்தெடுத்த சில கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூ என்னும் ஊரில் கொதிகலன் செய்கின்ற பாப்காக் வில்காக்ஸ் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் கீறல் தேடுகின்ற கருவியை அந்தக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டி ஒரு விதமாகவும், திடமான சதைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலிப்பதைக் கண்டார். 1958-ல் லான்செட் பத்திரிகையில் தம் கட்டுரையை வெளியிட்டார். அறுக்க முடியாத வயிற்றுப் புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணைக் கருவியால் பார்த்து, இது பெரிய நீர்க்கட்டி என்று அவர் சொல்ல, அதை எடுத்தவுடன் அந்த அம்மாள் பிழைத்துக் கொண்டார். கொதிகலன் தொழிலாளியின் கருவியை வாங்கிப் பார்க்க ஒரு பேராசிரியருக்கு வெட்கமில்லாதிருந்ததே, அதுதான் நமக்குப் பெரிதாகப் படுகின்றது. நமது நாட்டில் அவர் தீட்டுக் கழித்திருப்பார்.

மூட்டுக்கு இது வந்ததும் மெல்ல மெல்லத்தான். 1972-ல் முழங்காலுக்குப் பின்புறம் வருகின்ற நீர்க்கட்டியை, இரத்தக் குழாய் அடைப்பினால் வருகின்ற வீக்கத்திலிருந்து பிரித்துக் காட்டினார்கள். 1980-ல் ஆஸ்திரியா தேசத்து கிராஃப் என்பவர் கைக்குழந்தைகளின் இடுப்பு மூட்டைப் பார்க்கின்ற முறையை வெளியிட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். இந்த ஒலிக்கு ஒரு பெரிய குறை உண்டு. கெட்டியான எலும்பின் மேல்தோட்டில் பட்டதும் ஏறக்குறைய முழுதும் திரும்பி விடுகின்றது, உள்ளே போவதில்லை. ஆகவே எலும்புக்குள் ஒளிந்திருக்கின்ற கட்டி இதற்குத் தெரியாது. பின் எதற்கு இது என்றால், எலும்பின் மேற்புறத்துக்கும், மேலே மூடியுள்ள குருத்தெலும்புக்கும், அக்கம்பக்கத்துச் சதைக்கும், மூட்டு நீருக்கும், இரத்த ஓட்டத்துக்கும் இதைப் போல எளிதில் காட்டுகின்ற சாதனம் குறைவு. காசும் குறைவு. எக்ஸ்ரேயில் உள்ளதுபோன்ற கதிர்வீச்சும் இல்லை. மூட்டை மடக்கி நீட்டச் சொல்லி, அசையும்போதே பார்க்கலாம். வலியுள்ள இடத்திலேயே கருவியை வைத்து "இங்கேயா?" என்று நோயாளியைக் கேட்டுக்கொண்டே பார்க்கலாம்.

புற்றல்லாத எலும்புக் கட்டிகளில் மிகவும் அதிகமாகக் காணப்படுகின்ற ஆஸ்டியோகாண்ட்ரோமாவை எடுத்துக் கொள்ளுவோம். மூட்டுக்கு அருகே எலும்பிலிருந்து காளான் போலக் கிளம்புகின்ற முண்டு இது. தலையிலே குருத்தெலும்புத் தொப்பி ஒன்று இருக்கும். பிள்ளை வளர்கின்ற வரையில் இதுவும் வளர்ந்து, வளர்ச்சி நின்றவுடன் நின்றுவிடும். பெரியவரான பிறகும் அது வளர்ந்தாலோ, புதிதாக வலித்தாலோ, அந்தத் தொப்பியின் கனத்தை அளந்து பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது புற்றாக மாறுகின்றதோ என்று சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு சரியாகத் தெரியாது, எதிரொலியில் தெரியும். முண்டு வெளிப்பக்கமாக இருந்தால் சில நிமிஷத்தில் அளந்து விடலாம். வலிக்குக் காரணம் புற்றாக இல்லாமல், முண்டின் மேல் உராய்ந்து நீர் கோத்த பையாகவும் இருக்கலாம். அதையும் அப்போதே பார்த்துவிடலாம். அறுப்பா, வேண்டாமா என்ற பயத்தில் ஒரு குடும்பம் தூக்கமில்லாமல் கிடப்பதை இந்தச் சில நிமிஷம் தீர்த்து வைக்கின்றது.

20 வயது முதல் 40 வயதுக்குள் வருகின்ற ஜெயண்ட் செல் கட்டி என்பது வேறு ரகம். புற்றல்லாததுதான், ஆனால் மூட்டின் ஓரம் வரையில் எலும்பைத் தின்றுவிடும், சுரண்டி எடுத்தாலும் திரும்பி வரக்கூடும். எலும்பின் ஓடு மெலிந்து உடைந்து கட்டி வெளியே தலைநீட்டியிருந்தால் ஸ்கேனில் தெரியும். அறுவைக்குப் பிறகு, உள்ளே உலோகம் வைத்திருந்தால் எம்.ஆர்.ஐ. படம் அவ்விடத்தில் கலங்கிப் போகின்றது. எதிரொலிக்கு அந்தத் தொந்தரவு குறைவாதலால், கட்டி சதைப்பக்கம் திரும்பி வந்திருக்கின்றதா என்று இதனால் அடிக்கடி பார்த்துக் கொள்ளலாம். எலும்புக்குள் இரத்தம் தேங்கி ஊதி, ஓடு முட்டை ஓடு போல மெலிந்துவிட்ட கட்டிகளில், ஒலி உள்ளேயும் நுழைந்து இரத்தம் தெளிந்து அடுக்கடுக்காக நிற்பதைக்கூடக் காட்டும். சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டுமானால், ஊசி போகின்ற பாதையைப் பார்த்துக்கொண்டே குத்தலாம்.

இவ்வளவும் கருவியின் யோக்கியதை. இனி அதைக் கொண்டு ஏமாறுகின்ற விதத்தைச் சொல்லுவோம்.

கடலுக்குப் போகின்ற நமது தோழர் ஒருவருடைய மகனுக்கு 15 வயது. முழங்காலில் வலியும் வீக்கமும். வழக்கம்போல நான்கு மாதம் எண்ணெய் உருவல். பிறகு நாம் வற்புறுத்தியதன் பேரில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்துக்குப் போனார்கள். மூட்டில் நீர் கோத்திருக்கின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மைதான், பொய்யில்லை. ஆனால் எக்ஸ்ரே எடுத்தீர்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. "ஸ்கேன் பார்த்தாயிற்று, வெறும் நீர்தான்" என்று வீட்டில் சந்தோஷம். மறுபடியும் எண்ணெய். இரண்டு மாதம் கழித்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கீழ்க்கால் எலும்பின் தலையிலே உருண்டையாக ஒரு பள்ளம் தெரிந்தது. கான்ட்ரோபிளாஸ்டோமா என்றார்கள், வளர்கின்ற பிள்ளைகளுக்கு மூட்டோரத்தில் வருகின்ற புற்றல்லாத கட்டி. அது எலும்புக்குள் இருந்தது. நீர் அதன் விளைவு. ஒலி விளைவைப் பார்த்தது, காரணத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. கட்டியைச் சுரண்டியெடுத்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளால் நிரப்பினார்கள். பையன் இப்போது வலை இழுக்கின்றான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் கட்டி குருத்தெலும்பைத் துளைத்து மூட்டுக்குள் புகுந்திருந்தால்?

இதே மாதிரி ஏமாற்றுவது ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்கின்ற சின்னஞ்சிறு கட்டி. மூட்டுக்குள் வந்தால் வாதம்போல வீங்கும்; ஸ்கேனிலும் வாதம் போலவே தெரியும். இரவில் வலி அதிகம், ஆஸ்பிரின் போட்டால் ஆச்சரியமாக அடங்கும் என்ற கதையைப் பொறுமையாகக் கேட்கின்ற வைத்தியருக்குத்தான் சந்தேகம் தட்டும். ஆகவே காதில் கேட்கின்ற எதிரொலியும் வேண்டும் என்கின்றோம். அதாவது நோயாளி வாயைத் திறந்து சொல்லுவதைக் கேட்பது.

ஆதலால் ஸ்கேனை இன்னொரு சாமியாக்கி விடக்கூடாது. நம் ஜனங்களில் சிலர், கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நுழையாதிருக்கப் பூசுகின்ற பசையையே மருந்தென்று எண்ணி, "அந்தத் தைலம் தடவினதும் வலி குறைந்தது" என்கின்றார்கள்! சிரிப்பதற்கல்ல இதைச் சொல்லுவது. கருவி என்ன செய்கின்றது என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்ற வருத்தத்தால் சொல்லுகின்றோம். சோதித்துப் பார்க்காமல் எதையும், வைத்தியத்தைக்கூட, நம்பக்கூடாது என்பதற்குப் பழைய செங்கற்பட்டு ஜில்லாவே சாட்சி. 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு பி.சி.ஜி. ஊசியை இங்கேதான் சோதித்தார்கள். ஏழரை ஆண்டு கவனித்ததில், பெரியவர்களுக்கு வருகின்ற நுரையீரல் காச நோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று உலகத்துக்கே சொல்லிவிட்டார்கள். எந்தக் கோவிலாவது தன் பிரார்த்தனைகளில் பலிக்காதவற்றுக்குக் கணக்கு வெளியிட்டதுண்டா?

இன்னொரு சங்கதி. இந்தக் கருவியை நமது தேசத்தார் வேறு எதற்கு உபயோகித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். வயிற்றிலிருப்பது பெண் என்று கண்டுபிடித்து அழிப்பதற்கு. அதைத் தடுக்கத்தான் 1994-ம் வருஷத்துச் சட்டம், 1996 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. கருவின் பாலைக் காட்டவல்ல எந்தக் கருவியையும் சர்க்காரில் பதிவு செய்தே வைக்க வேண்டும். மூட்டுப் பார்க்கின்ற வைத்தியர்களில் சிலர் இந்தச் சட்டத்தால் தங்களுக்குத் தொல்லை என்கின்றார்கள். தொல்லைதான். ஆனால் அந்தத் தொல்லையை உண்டாக்கியது சட்டமல்ல; பெண்ணை வேண்டாமென்ற நமது ஜனங்களின் யோக்கியதை. அது போகின்றவரையில் சட்டம் இருந்தே ஆக வேண்டும். பதிவு செய்ய வேண்டிய காகிதத்தைக் காட்டி, "ஆகையால் எங்களிடம் மூட்டு ஸ்கேன் கிடையாது" என்று சர்க்கார் நிலையங்கள் சொல்லுவதை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பெண்ணைப் பற்றிப் பேச வந்ததால் இதையும் சொல்லிவிடுகின்றோம். 16 வயதுப் பெண்ணுக்கு முழங்காலில் கட்டி என்றால் வீட்டார் அதை மறைக்கின்றார்கள். வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப் போகுமாம். வயிற்றுக்குள் இருக்கின்ற பெண்ணைத் தேடிப்பிடிக்கக் கூலி கொடுத்துப் பட்டணத்துக்கு ஓடிய சமூகம், வீட்டுக்குள் நொண்டி நடக்கின்ற பெண்ணை அதே கருவியிடம் கொண்டு போகப் பஸ்ஸுக்குக் காசில்லை என்கின்றது. கல்யாணம் ஆகட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட கட்டிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, அந்தத் துக்கத்தை விரதமாகவும் நேர்த்தியாகவும் கழித்துவிடாமல், சென்னை அடையாற்றில் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். அந்த ஆஸ்பத்திரி இருக்கின்ற இடம் மாமல்லபுரத்திலிருந்து அதிக தூரமல்ல. காலையே வெட்டிவிடுவார்கள் என்று பயந்து ஒளிகின்றவர்களும் ஒன்று தெரிந்து கொள்ள வேண்டும். கட்டியுள்ள எலும்பை மட்டும் எடுத்துவிட்டு, அளவெடுத்துச் செய்த உலோக மூட்டைப் பொருத்திக் காலைக் காப்பாற்றுகின்ற சிகிச்சையை டாக்டர் மயில்வாகனன் நடராசன் போன்றவர்கள் சென்னையிலேயே வளர்த்திருக்கின்றார்கள். ஆனால் அதற்குக் காலத்தில் வந்து சேர வேண்டும்.

சர்க்காரை நாம் கேட்பது பெரிய காரியமல்ல. செங்கற்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. 2019 முதல் செங்கற்பட்டு தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது. கடற்கரைக் குப்பத்திலிருந்து அவ்வூருக்கு 30 கிலோமீட்டர் போய், ஒரு நாள் கூலியையும் இழந்து வருகின்றவனை, எக்ஸ்ரேக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள் என்று அலைக்கழித்தால் அவன் நான்காம் நாள் எண்ணெய்க்காரரிடந்தான் போவான். அதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணமென்று நாம் சொல்ல மாட்டோம். கீழ்மட்ட ஆஸ்பத்திரிகளில் உள்ள வைத்தியர்களில் சிலருக்காவது மூட்டு ஸ்கேன் பார்க்கப் பழக்கம் கொடுத்து, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் ஒரே நாளில் ஒருவரே சேர்த்து வைத்துப் பார்க்கும்படி செய்யவேண்டும். சந்தேகமான கட்டி என்றால், சதைத் துண்டு எடுப்பதை அவசரப்பட்டு எங்கேயாவது செய்யாமல், பின்னால் அறுவை செய்யப்போகின்ற வைத்தியரிடமே விட வேண்டும்; தவறான இடத்தில் குத்திய ஊசி, காப்பாற்றக்கூடிய காலையும் காப்பாற்ற முடியாமல் செய்துவிடும்.

வாசகத் தோழர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. மூட்டருகே வீக்கமோ வலியோ மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நின்றாலும், இரவில் வலித்துத் தூக்கம் கெட்டாலும், யாரையும் உருவ விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுங்கள். ஸ்கேன் நிலையத்துக்குப் போகும்போது அந்த எக்ஸ்ரே படத்தைக் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள். ஸ்கேன் முடிந்தவுடன், "எலும்புக்குள் என்ன இருக்கின்றது என்பது இதில் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியாது என்று நேராகச் சொல்லுகின்றவர் நல்ல வைத்தியர்; அடுத்த படி எது என்பதையும் அவரிடமே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள்.